பென்னாகரம் வரைக்கும்

கால் மட்டும் தூங்காது.
மற்றதெல்லாம் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்க
கெண்டைக்கால் இரண்டும்
எங்கேயோ புறப்பட நிற்கும்.
இருபத்திரண்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால்,
படு என்றால் நம்புமா.

தருமபுரி பெரியாஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
நெஞ்சில் நீர் கட்டி நாலு வாரமாகிறது.
வாரத்துக்கு இரண்டு தடவை
என் ரத்தத்தை வெளியே எடுத்துத்
துவைத்துத் திருப்பித் தருகிறார்கள்.
நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்,
மாத்திரை விழுங்குவதும் அதில் சேர்த்தி.
ஒரு மணிக்கு மேல்
கிரியேட்டினின் எத்தனை, வீட்டுக் கடன் எத்தனை,
சின்னவள் செமஸ்டர் ஃபீஸ் எத்தனை என்று
எல்லா எண்ணும் ஒரே பையில் குலுங்கும்.
டூட்டி முடிந்து
கணக்கில் எட்டு ரூபாய் உதைக்கிற மாதிரி
நெஞ்சு திரும்பத் திரும்ப எண்ணும்.

பிசியோதெரபி பெண், நஸ்ரின், சொன்னாள்:
"கால்விரலை மடக்குங்க சார். இறுக்கி
அஞ்சு எண்ணுங்க. இப்ப விடுங்க.
மூச்சை இழுக்கறதவிட
விடறது நீளமா இருக்கணும்.
அப்புறம் கெண்டை, தொடை, வயிறு,
ஒவ்வொண்ணா மேல வாங்க.
ஊசி குத்தின கையை மட்டும் சும்மா விடுங்க."

எண்ணினேன். நாலாவதில்
கடன் வந்து நின்றது.
மறுநாள் சொன்னேன், எனக்கு எண் ஆகாதம்மா,
எண்தான் எனக்கு வியாதி.
"ஊர் பேர் சொல்லுங்களேன்" என்றாள்,
வேறு யாருடைய முழங்காலையோ நீட்டிக்கொண்டே.

அன்று ராத்திரி வண்டி எடுத்தேன்.
கால்விரல், தருமபுரி பஸ் ஸ்டாண்டு.
ஹோல்டான்! மடக்கு, இறுக்கு,
இறங்குகிறவர் இறங்கட்டும்.
ரைட்! விடு.
கணுக்கால் சோகத்தூர். ரைட்.
கெண்டைக்கால் அதகப்பாடி, இங்கே எப்போதும் கூட்டம்,
ஏறவும் மாட்டான் இறங்கவும் மாட்டான்,
படிக்கட்டில் தொங்குவான்.
இரண்டு தடவை நிறுத்தினேன். மூன்று தடவை.
உள்ளே போ, உள்ளே போ என்று
யாரையும் விரட்டவில்லை.
அதுவாக ஒரு கனம்
கெண்டையிலிருந்து இறங்கித்
தக்காளிக் கூடையோடு நடந்து போனது.
இண்டூர் வந்ததா, தெரியாது.

கடைசி வரை போன ராத்திரி ஒன்றுதான்.
வயிறு இண்டூர், நெஞ்சு பி.அக்ரகாரம்,
தோள் பென்னாகரம், தாடை மடம் செக்போஸ்ட்,
நெற்றியைச் சுளித்து விட்டால் ஒகேனக்கல்.
விட்டேன்.
தண்ணீர்.
அத்தனை தண்ணீர், பாறை பாறையாக விழுந்து
வீணாக,
ஒருத்தன் முக்கால் லிட்டரில் வாழ்கிறான் என்று தெரியாமல்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட முழித்தேன்.
மறுநாள் பங்கிலிருந்து கடனாக
பிளாஸ்க் ஐஸ் ஒரு துண்டை
கரையும் வரை வாயில் வைத்திருந்தேன்.

அதிலிருந்து போர்டை மாற்றிவிட்டேன்:
பென்னாகரம் வரைக்கும்.
தாடை, நெற்றி, கண்ணெல்லாம்
பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளேயே, ஒரே நிறுத்தம்.
இன்ஜினை அணைத்துவிட்டு
டிரைவர் டீ குடிக்கப் போகிறார்.
எனக்கு வேண்டாம் என்கிறேன்.

நேற்று பக்கத்துக் கட்டில்,
காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டி திம்மராயன்,
இருட்டில் கேட்டார்:
"என்னங்க முணுமுணுக்கறீங்க?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
குழாய் எங்கோ சொட்டியது, அதையும் எண்ணவில்லை.
"எனக்கும் ஒரு டிக்கெட் குடுங்க.
ஆனா என் கால் கிருஷ்ணகிரி ரூட்டாச்சே."
பரவாயில்லை ஏறுங்க, என்றேன்.
விசில் கையில் இல்லை.
நர்ஸுக்குக் கேட்காமல்
உதட்டைக் குவித்து ஊதினேன்.
அவர் விரலை மடக்க, கட்டில் கிரீச்சிட்டது.
ஹோல்டான்.

சோகத்தூர் தாண்டும்போது ஏதோ கேட்டார்,
சில்லறையா, ஊரா,
எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.